சோப்புப் போட்டுக் கழுவிய கற்கள்

அதைச் சுறாவின் பல் என்றாள் என் தோழி. மாசி மகம் முடிந்த மறுநாள். கடலூர்க் கடற்கரை முழுக்கச் சாமிகள் வந்து போன குப்பை கிடந்தது: நசுங்கிய சாமந்தி மாலைகள், தேங்காய் ஓடுகள், கற்பூர அட்டைகள், பிளாஸ்டிக் டம்ளர்கள். அவள் கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் எதையும் பொறுக்கவில்லை. அவளோடு நடந்தேன், அவ்வளவுதான். அலை பின்வாங்கிய ஈரத்தில் தேன் நிறத்தில் ஏதோ தெரிந்தது. எடுத்தேன். சுண்டுவிரலில் பாதி இருக்கும். ஒரு முனை கூர். இரண்டு விளிம்பிலும் எலி கடித்ததைப்போல வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள்.

"சுறாப் பல்லுல்லா இது," என்றாள். அவள் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து நெய்வேலிச் சுரங்கத்தில் பெர்மனென்ட் ஆனவர். அவள் டவுன்ஷிப்பிலேயே பிறந்து வளர்ந்தவள்தான், ஆனாலும் அந்த 'ல்லா' மட்டும் அவளைவிட்டுப் போகவில்லை.

பல் என்றால் இவ்வளவு குளிர்ச்சியாக இருக்காது என்று பட்டது. ஆனால் அப்படிச் சொல்ல எனக்கு ஆதாரம் எதுவும் இல்லை. பையில் போட்டுக்கொண்டேன்.

எங்கள் கல்லூரியிலிருந்து கடல் நடக்கும் தூரம். முதல் ஷிப்ட் வகுப்புகள் மதியத்தோடு முடிந்துவிடும். உடனே பஸ் ஏறி, டவுன்ஷிப்புக்கு வெளியே இருக்கும் மந்தாரக்குப்பம் போனால் வீட்டில் பூட்டுதான் தொங்கும். அப்பா சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆள். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற கரியை வாரித் திரும்ப மேலே போடுகிற வேலை. அம்மா டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ்களில் வீட்டு வேலைக்குப் போவாள். சாயங்காலம்வரை அந்த ஒற்றை அறையில் தனியாக உட்கார்ந்திருப்பதற்குக் கடற்கரை மேல்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா வழி, அம்மா வழி, இரண்டு பக்கமும் பண்ருட்டிக்கு இப்பால் பிறர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமோ வருத்தமோ கிடையாது. பஸ்ஸில் யாராவது என்னம்மா படிக்கிறாய் என்று கேட்டால், எம்.ஏ. வரலாறு என்று பின்சீட்டுக்கும் கேட்கும்படி சொல்வேன்.

அந்த முதல் வருட முடிவில் தோழி கல்யாணம் ஆகிக் கோயம்புத்தூர் போய்விட்டாள். படிப்பைத் தொடரவில்லை. டவுன்ஷிப் பெண்ணும் மந்தாரக்குப்பத்துப் பெண்ணும் ஒரே சீட்டில் உட்கார்ந்து போவதே எங்கள் பஸ்ஸில் அபூர்வம். அவள் போனபின் அந்தச் சீட்டில் என் பக்கத்தில் பை உட்கார்ந்தது.

அந்தக் கோடை விடுமுறையில்தான் நான் கல்லைப் படித்தேன். கல்லூரி நூலகத்தில், அட்டை கிழிந்த ஒரு புத்தகத்தில், கற்காலக் கருவிகளின் கோட்டோவியங்கள் இருந்தன. அதில் ஒன்று என் பையில் இருந்தது. கிட்டத்தட்ட அதே வடிவம். ஆனால் 'கிட்டத்தட்ட' என்பது போதாது. கிளிஞ்சல் பொறுக்குகிறவர்களுக்கு அழகாக இருந்தால் போதும். எனக்கு, இதை ஒரு மனுஷக் கை செய்தது என்று யார் முன்னாலும் நின்று சொல்ல வேண்டும்.

அடித்து உடைத்த கல்லுக்கும் தானாக உடைந்த கல்லுக்கும் வித்தியாசம் இருக்கிறது. அடி விழுந்த இடத்தில் ஒரு சிறிய தட்டையான மேடை நிற்கும். அதற்குக் கீழே, உள்பக்கம், லேசாக ஒரு புடைப்பு. விரலால் தடவினால்தான் தெரியும். அந்தப் புடைப்பிலிருந்து குளத்தில் கல் விழுந்ததைப்போல வளையங்கள் விரியும். பிறகு விளிம்பு. அங்கங்கே பெயர்ந்திருந்தால் அது எதிலோ மோதியது. வரிசையாக, ஒரே பக்கத்திலிருந்து, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு பெயர்ந்திருந்தால் யாரோ பொறுமையாக உட்கார்ந்து அழுத்திப் பெயர்த்திருக்கிறார்கள். அடிப்பகுதி மெலிந்திருந்தால், அது கையில் பிடிக்க அல்ல, கம்பில் செருக. எறிவதற்கு.

படித்ததைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டேன். மந்தாரக்குப்பத்தில் பீர் பாட்டிலுக்குப் பஞ்சமா? தடித்த அடிப்பாகம் ஒன்றை எடுத்துவந்து, வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, கூழாங்கல்லால் தட்டினேன். கண்ணாடி சில்லாகப் பெயர்ந்தது. புத்தகத்தில் சொன்ன மேடை, புடைப்பு, வளையங்கள், எல்லாம் அதில் அப்படியே இருந்தன. சந்தோஷத்தில் யாரிடம் காட்டுவது என்று திரும்பினேன். துணி உலர்த்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா மட்டும் நின்றாள்.

"இன்னாம்மா இது, குடிக்கிறவன்தான் பாட்டில ஒடைப்பான். படிச்ச புள்ளயும் ஒடச்சிகினு இருக்க?"

சிரித்துவைத்தேன். அதற்குப் பிறகு பல நாள் முயன்று, ஆணியின் முனையால் விளிம்பை அழுத்தி அழுத்தி, இரண்டு விரலை வெட்டிக்கொண்டு, பழுப்புக் கண்ணாடியில் ஒரு முனை செய்து முடித்தேன். கோணல்தான். ஆனாலும் அதைச் செய்த பிறகு எனக்குச் சந்தேகம் போய்விட்டது. அந்தத் தேன் நிறக் கல்லின் விளிம்பில் எந்தச் சில்லு முதலில் பெயர்ந்தது, எது அடுத்தது என்று என்னால் சொல்ல முடிந்தது.

கல்லூரி திறந்ததும் மதியங்களில் தனியாகக் கடற்கரைக்குப் போனேன். கண்ணுக்குப் பழக்கம் வந்துவிட்டால் கால் தானாக நிற்கும். வெங்கச்சங்கல் என்கிற குவார்ட்ஸில் ஒன்று, பால் வெள்ளையில் ஒன்று, முனை ஒடிந்தது ஒன்று என்று சிறுகச் சிறுகச் சேர்ந்தன. எல்லாமே ஒரே இடத்தில்தான் கிடைத்தன: சாலை முடிந்து மணல் தொடங்குகிற வாயிலிருந்து தண்ணீர்வரைக்கும் உள்ள ஒரு பட்டையில். மழை பெய்த மறுநாள் அதிகம் கிடைக்கும். அங்கே மீன் விற்றுவிட்டுக் கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு அம்மாள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்பாள்.

"எதுனா தொலைச்சிட்டியாம்மா?"

முதல் தடவை விளக்க முயன்றேன். அடுத்த தடவையிலிருந்து "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு நடந்துவிடுவேன்.

வீட்டில் அம்மா ஒருநாள் நான் குளியல் கல்லில் உட்கார்ந்து தேய்ப்பதைப் பார்த்துவிட்டாள். துணி சோப்பு, பழைய பல் தேய்க்கும் பிரஷ், ஒரு சிட்டிகை பிளீச்சிங் பவுடர். கற்கள் ஒவ்வொன்றும் பளிச்சென்று ஆகும்வரை தேய்ப்பேன்.

"இன்னாடி, கூழாங்கல்லுக்கு சோப்பு போட்டுகினு இருக்க?"

"கூழாங்கல் இல்லம்மா. ஆயுதம்."

"ஆயுதமா? அப்ப பத்திரமா வை. ஆயுத பூஜைக்கு எல்லாத்துக்கும் பொட்டு வச்சி உடறேன்."

தேய்ப்பது எனக்குப் புதிதில்லை. எங்கள் பக்கத்து மண் சிவப்பு. பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டையில் அது ஏறினால் இறங்காது. செம்மண் காட்டிலிருந்து வந்த பிள்ளை என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்று அம்மா ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தச் சட்டையோடு மல்லுக்கு நிற்பாள். பெரியவளானதும் நானே தேய்த்தேன். ஒரு பொருள் நல்ல பொருள் என்றால் அதில் சிவப்பு இருக்கக்கூடாது; அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

அப்பாவிடம் முனைகளைக் காட்டியபோது அவர் நைட் ஷிப்ட் முடித்துவந்து படுக்கப்போகும் நேரம். உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார்.

"அம்பு முனைன்ற. அம்பு எங்க?"

"அம்பு மரம்ப்பா. மக்கிப் போயிருக்கும்."

"மரம் மக்கினா கரியா ஆகும். எங்களுக்கு அதான் வேலை," என்றார். அவருடைய நகைச்சுவைகள் அவ்வளவு தூரம்தான் போகும். சிரித்துக்கொண்டே தூங்கிப்போனார்.

அவர் சொன்னதை நினைத்துப் பார்த்தேன். லாரியிலிருந்து சாலையில் விழுகிற பழுப்பு நிலக்கரிக் கட்டியைக் கையில் எடுத்தால் மரத்தின் ரேகை தெரியும். அதன் பழமைக்கு முன்னால் என் கல் நேற்றுப் பிறந்தது. அதைத் தோண்டித்தான் எங்கள் ஊரே நிற்கிறது. ஆனால் அந்தக் கரியில் யாருடைய கையும் இல்லை. எனக்கு அந்தக் கை வேண்டியிருந்தது. ஏன் வேண்டியிருந்தது என்பதை அப்போது நான் யாரிடமும் சொல்லவில்லை. கேட்பதற்கும் ஆள் இல்லை.

இரண்டாம் வருடத்தில் ஆய்வேடு எழுத வேண்டும். துறையில் வழக்கம் ஒன்று உண்டு: அவரவர் ஊர்க் கோயிலின் வரலாறு. ஸ்தல புராணம், கல்வெட்டு இருந்தால் கல்வெட்டு, திருவிழா, முடிவுரை. எங்களுக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் என்னையும் அப்படியே செய்யச் சொன்னார். எங்கள் பூர்வீக ஊரில் ஒரு பழைய சிவன் கோயில் இருக்கிறதாமே என்றார். இருக்கிறது. அந்தக் கோயிலில் எங்கள் தெரு ஆட்கள் எதுவரை போவார்கள் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கடற்கரையில் கிடைத்த கல் முனைகளைப் பற்றி எழுதப் போகிறேன் சார் என்றேன்.

கருத்தரங்க வகுப்பில் எல்லாவற்றையும் வெள்ளைத் துணியில் பரப்பினேன். பளபளவென்று இருந்தன. பேராசிரியர் குனிந்து பார்த்தார்.

"இது ஜல்லிம்மா. ரோட்டுக்குக் கொட்டறதுல உருண்டு வந்திருக்கும்."

வகுப்பு சிரித்தது. ஜல்லி கருங்கல் சார், இது வெங்கச்சங்கல் என்றேன். மேடையையும் புடைப்பையும் காட்டினேன். என் பூதக்கண்ணாடியை வாங்கி அவர் பார்த்தார். சிரிப்பு அடங்கும்வரை பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்.

"சரி. மனுஷன் அடிச்சதுன்னே வச்சுக்குவோம். கடல்ல கிடந்துச்சுன்னு சொல்ற. கடல்ல உருண்ட கல்லு எப்படி இருக்கும்?"

"வழவழன்னு இருக்கும் சார்."

"இது ஏன் கையைக் கிழிக்குது?"

இத்தனை மாதம் அந்தக் கூர்மையைத்தான் நான் கொண்டாடியிருந்தேன். அது எனக்கு எதிராகப் பேசும் என்று நினைக்கவே இல்லை.

"இதுல ஒட்டியிருந்த மண்ணு எங்க?"

"கழுவிட்டேன் சார்."

"எதால?"

"சோப்பால."

இந்தத் தடவை பேராசிரியரும் சிரித்துவிட்டார். கல் எங்கிருந்து வந்தது என்று அதில் ஒட்டிய மண்தான் சொல்லும். நீ சாட்சியைக் குளிப்பாட்டி அனுப்பிவிட்டாய் என்றார். எங்கிருந்து வந்தது என்று தெரியாத கல்லை வைத்து ஆய்வேடு எழுத முடியாது. மாசி முடியும்வரை அவகாசம் கொடுத்தார். அதற்குள் இடத்தைச் சொல்ல முடியாவிட்டால் கோயிலை எழுத வேண்டும்.

அன்றிலிருந்து வகுப்பில் என் பெயர் ஜல்லி. 'ஜல்லி வந்துட்டா', 'ஜல்லி, சார் கூப்பிடறார்'. கோபப்பட்டால் நிலைத்துவிடும் என்று கோபப்படவில்லை. அப்படியும் நிலைத்துவிட்டது. தோழிக்குக் கற்களைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், நீ சுறாப் பல் என்றது அம்பு முனை, கேள்வி இப்போது இதுதான் என்று நீளமாக எழுதி. மறுநாள் ஒரு கட்டைவிரல் வந்தது. புதுக் குடித்தனக்காரிக்கு அதற்கே நேரம் இருந்திருக்காது. இருந்தாலும் அந்தக் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு பஸ் வடலூர் தாண்டும்வரை உட்கார்ந்திருந்தேன்.

தை முழுக்கக் கடற்கரைக்குப் போனேன். கடல் உள்ளே இருந்து தள்ளுகிறதோ, ஆற்று முகத்திலிருந்து வருகிறதோ என்று வடக்கே முகத்துவாரம்வரை நடந்தேன். தெற்கே நடந்தேன். அங்கெல்லாம் கிளிஞ்சல்தான். அந்த ஒரு பட்டையைத் தவிர வேறு எங்கும் ஒரு செதில்கூட இல்லை. கடல் ஏன் ஒரு சாலை முடிகிற இடத்தில் மட்டும் கொண்டுவந்து போடும்? கேள்வி நல்ல கேள்வி. பக்கத்தில் நடக்க யாராவது இருந்திருந்தால் அவர்களிடம் சத்தமாகக் கேட்டிருப்பேன். கேட்டிருந்தால் அப்போதே விடை கிடைத்திருக்குமோ என்னவோ. மனதுக்குள்ளேயே வைத்திருந்ததால் கேள்வி என்னோடு சுற்றிக்கொண்டே இருந்தது.

மாசி மகம் வந்தது. அந்த வருடம் எங்கள் பூர்வீகத் தெருவின் அம்மனும் கடலுக்குப் போயிற்று. டிராக்டர் பெட்டியில் அலங்காரம் செய்து, குழல் விளக்கு கட்டி, பம்பை உடுக்கையோடு. நாங்கள் மினி லாரியில் பின்னால் போனோம். அப்பா ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்திருந்தார். அம்மா மஞ்சள் புடவை. நான் வெள்ளைச் சுடிதார், கல்லூரிப் பெண் என்று தெரிய வேண்டாமா?

கடற்கரை வாயிலில் நீண்ட வரிசை. ஊர் ஊராக வந்த சாமிகள், எங்கள் முறைக்கு வெகுநேரம் பிடித்தது. எங்களுக்கு முன்னால் போன டிராக்டர் ஒன்று மணலில் சக்கரம் புதைந்து உறுமிக்கொண்டு நின்றது. ஒரு டிப்பர் லாரி பின்பக்கமாக வந்து, பெட்டியைத் தூக்கி, அப்படியே ஒரு லோடு செம்மண் கிராவலைச் சரித்தது. ஆட்கள் மண்வெட்டியால் இழுத்துப் பரப்பினார்கள். டிராக்டர் ஏறிப் போய்விட்டது. அப்போதுதான் பார்த்தேன்: சாலை முடிவிலிருந்து தண்ணீர்வரை மணல்மேல் முழுக்கச் சிவப்பாக ஒரு பாதை போட்டிருந்தார்கள். சாமி வண்டிகள் புதையாமல் போவதற்கு ஒவ்வொரு வருடமும் போடுவதுதான். சின்ன வயதிலிருந்து அந்தப் பாதைமேல் நடந்து போய்க் கடலில் முழுகியிருக்கிறேன். அது என் கண்ணில் பட்டதே இல்லை. எங்களுக்குச் சிவப்பு ஒரு நிறம் இல்லை, தரை.

நாங்கள் தண்ணீரை அடைந்தபோது அம்மனைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். பம்பை வேகம் பிடித்தது. எல்லோரும் கடலுக்குள் இறங்கினார்கள். ஒரு அலை வந்து பாதையின் ஓரத்தை அறுத்துத் திரும்பியது. திரும்பும்போது தண்ணீர் சிவப்பாக ஓடியது. மண் கரைந்து போனபின் கிராவல் கற்கள் மட்டும் ஈரத்தில் கிடந்தன. வெள்ளையும் தேன் நிறமுமாக. குனிந்து என் சுடிதாரின் காலைப் பார்த்தேன். கணுக்காலுக்கு மேலேவரை சிவப்பு.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கடல் எதையும் கொண்டுவரவில்லை. டிப்பர் லாரி கொண்டுவந்தது. வருடம் முழுக்க மழையும் அலையும் அந்தப் பாதையைக் கரைத்துக் கரைத்து எனக்குக் கொடுத்திருக்கின்றன. அதனால்தான் விளிம்பு மழுங்கவில்லை. நான் சோப்புப் போட்டுத் தேய்த்து எடுத்தது எங்கள் ஊர் மண்.

"ஏய், முழுக வரலியா? அம்மன் கரை ஏறிடப் போறா," என்று அம்மா தண்ணீருக்குள் நின்று கூப்பிட்டாள். அவளைச் சுற்றி எல்லோரும் நனைந்துகொண்டு குலவை போட்டுக்கொண்டு இருந்தார்கள். ஓடிப்போய் அவளிடம் சொல்லலாம். எங்கிருந்து தொடங்குவது? கையைக் காட்டி வருகிறேன் என்றேன். போகவில்லை. அவ்வளவு கூட்டத்தில், என் சொந்தத் தெருவின் நடுவில், ஈர மண்ணைக் கிளறிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தேன்.

டிப்பர் டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். "அண்ணே, இது எந்த ஊர் மண்ணு?" என்று கேட்டேன்.

"ஏன், மண்ணுல குறையா?"

"இல்லண்ணே. நல்ல மண்ணு. அதான் கேட்டேன்."

பண்ருட்டிக்கு இப்பால் ஒரு முந்திரித் தோப்பு, பள்ளம் எடுத்திருக்கிறார்கள் என்று ஊர் பெயரைச் சொன்னார். அம்மா பிறந்த ஊருக்கு அடுத்த ஊர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனேன். பண்ருட்டியில் இறங்கி, மினி பஸ் பிடித்து, தோப்புக்குள் வண்டித் தடத்தில் நடந்தேன். முந்திரி பழுக்கத் தொடங்கியிருந்தது. அழுகிய பழத்தின் இனிப்பு வாடை. பள்ளம் வீட்டுக் கூரை உயரத்துக்கு இருந்தது. ஞாயிறு என்பதால் ஜேசிபி ஓரமாகக் கையைத் தரையில் ஊன்றி நின்றது. ஆள் நடமாட்டமே இல்லை. சுவரின் மேலே முந்திரி வேர்கள் அறுபட்டுத் தொங்கின. கொஞ்சம் கீழே, சிவப்பு மண்ணுக்கும் அதற்கடியில் இறுகிக் கிடந்த கிராவலுக்கும் நடுவில், சின்னக் கற்கள் ஒரு வரிசையாக ஓடின.

அந்த வரிசையை ஒட்டியே நடந்தேன். முதலில் செதில்கள். செய்கிறபோது சிதறுகிற குப்பை; என் வீட்டுக்குப் பின்னால் பாட்டில் கண்ணாடி சிதறிய மாதிரியே. அவ்வளவு பரிச்சயமாக இருந்தது. யாரோ இங்கே உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார்கள். பிறகு ஒரு இடத்தில், மண்ணுக்குள் பாதி புதைந்து, மெலிந்த அடிப்பகுதி மட்டும் வெளியே தெரிய, ஒரு முனை.

கை தானாக நீண்டது. மடக்கிக்கொண்டேன். பக்கத்தில் பேனாவை அளவுக்குச் செருகிப் படம் எடுத்தேன். தள்ளி நின்று எடுத்தேன். பள்ளம் முழுதும் தெரிய எடுத்தேன். பிறகு சுற்றிலும் உள்ள மண்ணோடு சேர்த்து, ஒரு கட்டியாக, அப்பாவின் சாப்பாட்டுப் பெட்டிக்குள் பெயர்த்து வைத்தேன்.

தோழிக்குப் போன் செய்தேன். மணி அடித்து ஓய்ந்தது. அப்பாவிடம் போன் இருக்கும், ஆனால் ஷிப்டில் எடுக்க மாட்டார். அம்மாவுக்குப் போன் இல்லை. அந்தப் பள்ளத்தில் நின்றுகொண்டு, "கெடைச்சிடுச்சு" என்று வாய்விட்டு ஒருமுறை சொன்னேன். என் குரலே எனக்கு வேறு யாருடையதோ போல இருந்தது. இதைச் செய்தவருக்கும் பக்கத்தில் யாராவது இருந்திருப்பார்கள். நன்றாக வந்திருக்கிறதா பார் என்று நீட்டியிருப்பார். எனக்குக் கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தது அவர் ஒருவர்தான். அவனோ அவளோ.

வீட்டில் சொன்னதும் அம்மா வெங்காயம் அரிவதை நிறுத்தினாள்.

"அந்தத் தோப்புலயா? நாங்க எத்தினி வருசம் அங்க கொட்டை பொறுக்கிகினு இருந்தோம். நீ கடலூர் போய் தேடிகினு இருந்தியா?" என்று சொல்லிக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். வெங்காயமும் சேர்ந்துகொண்டது. எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு அவள் அரிவதைத் தொடர்ந்தாள். என்ன கிடைத்தது என்று கேட்கவில்லை. எந்த மரத்தில் பழம் விழுந்திருக்கிறது என்று கேட்டாள்.

திங்கட்கிழமை பேராசிரியரின் மேசையில் பெட்டியைத் திறந்தேன். அவர் கட்டியைத் தொடாமல் வெகுநேரம் பார்த்தார்.

"கழுவலையே?"

"இல்ல சார்."

படங்களைப் பார்த்தார். மாசி மகப் பாதையைச் சொன்னேன், டிப்பரைச் சொன்னேன். பழைய கற்களில் ஒன்றை எடுத்து, சோப்பு எட்டாத ஒரு வரியில் மயிரிழையாக ஒட்டியிருந்த சிவப்பைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் காட்டினேன். அவர் நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"கோயில் வேண்டாம். இதையே எழுது. ஆனா தலைப்புல கடற்கரைன்னு போடாத. எத்தனை ஆயிரம் வருஷம்னும் போடாத. நமக்குத் தெரியாது."

தலைப்பில் கடலை அடித்துவிட்டு, முந்திரித் தோப்பு என்று எழுதினேன். கொஞ்சம் வலித்தது. ஒரு வருடம் என்னோடு பேசியது கடல் மட்டும்தான்.

வைவாவுக்கு வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வந்திருந்தார். வயதானவர், அகழாய்வில் வெயிலில் நின்று கறுத்த முகம். துறையின் கண்ணாடி அலமாரியில் நான் இரண்டு தட்டுகளாகப் பிரித்து வைத்திருந்தேன்: கழுவியவை ஒன்று, கழுவாதவை ஒன்று. கழுவியவற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாண்டிப் போனார். கழுவாத முனையை வெளிச்சத்தில் பிடித்து, இது எறிவதற்குத்தான், அம்பா சின்ன ஈட்டியா என்று மட்டும் அடித்துச் சொல்ல முடியாது என்றார். அடிப்பகுதி மெலிவை வைத்து நான் அம்பு என்று வாதாடினேன். கேட்டுக்கொண்டார். பிறகு ஆய்வேட்டைப் புரட்டிக்கொண்டே, களப்பணிக்கு உன்னோடு யார் யார் வந்தார்கள், நன்றியுரையில் ஒருவர் பெயரும் காணோமே என்று கேட்டார்.

"யாரும் வரல சார். நான் மட்டும்தான்."

தேவைக்கு மேல் சத்தமாகச் சொல்லிவிட்டேன். பஸ்ஸில் என்ன படிக்கிறாய் என்று கேட்பவர்களுக்குச் சொல்வேனே, அதே சத்தம். அறையில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். தேர்வாளர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஏதோ எழுதிக்கொண்டு, போகலாம் என்றார்.

வெளியே வெயில். வீட்டில் பூட்டுதான் தொங்கும். கால் பழகிய பக்கம் போயிற்று. சிவப்புப் பாதை பாதி கரைந்திருந்தது. மீன்கார அம்மாள் கூடையின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாம்மா, தொலைச்சது கெடைச்சிதா?"

"கெடைச்சிடுச்சுங்க."

"அப்புறம் இன்னாத்துக்கு இன்னும் கீழயே பாத்துகினு போற?"

நின்றேன். தலையை நிமிர்த்தினேன். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. கடலைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச தூரம் நடந்தேன். பிறகு கண் தானாகக் கீழே போய்விட்டது.